திரிபுரவல்லிக்கு நேர்ந்த நார்சா

முதல் அத்தியாயத்திலேயே ஸவாஹிராவுக்குத் திரிபுரவல்லியின் மேல் கோபம் வந்துவிட்டது. பின்னே என்ன? பக்கத்துக்குப் பக்கம் அழுதால் யாருக்குத்தான் கோபம் வராது? "கண்ணீர் ஆறாய்ப் பெருகி அவள் மார்பை நனைத்தது" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. தாளைப் புரட்டினால் அங்கேயும் அதே ஆறு. புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனான், போனவன் தகவலே அனுப்பவில்லை, பெரிய வீட்டில் பெண் ஒற்றையாகக் கிடக்கிறாள். எல்லாம் சரிதான். ஆனால் ஒற்றையாகக் கிடக்கிறவள் இப்படி அழமாட்டாள். பார்க்க ஆளில்லாத இடத்தில் அழுது என்னத்தைக் காணப்போகிறாள்? இதை எழுதிய மனுசன் ஒரு நாளாவது தனியாகக் கிடந்திருந்தால்தானே அவனுக்குத் தெரியும்! சோறு ஆறுகிறது, வாருங்கள் என்று நாலு பேர் கூப்பிடுகிற வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதியிருப்பான்.

"போய் மூஞ்சக் கழுவு புள்ள" என்று புத்தகத்தைப் பார்த்து வாய்விட்டே ஏசினாள் ஸவாஹிரா. ஏசிவிட்டு அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். நாவல் என்கிற பொல்லாத சாமானுக்கு அதுதான் குணம்.

புத்தகத்தின் பெயர் ஒரு முழம் நீளம். 'திரிபுரவல்லி அல்லது தனிமை தீர்ந்த தையல்' என்று அட்டையில் போட்டிருந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் பதுளைக் கடைத்தெருவில் பலீல் நானாவின் புடவைக்கடைக்கு வேட்டி எடுக்க வந்தார். வேட்டியை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனார். பிறகும் எத்தனையோ தரம் கடைக்கு வந்துபோனார், புத்தகத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேட்டால், துரையிடம் வேலை பார்க்கிற மனுசன் பெண்பிள்ளை அழுகிற கதையை வாசிக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! பலீலுக்கு அது பொட்டலம் மடிக்கத் தோதான தாளாகத்தான் தெரிந்தது. அவர் முதல் தாளைக் கிழிக்கக் கை வைத்த நேரம், பின்கட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த தங்கச்சி ஸவாஹிரா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அச்செழுத்து வாசிக்கத் தெரிந்தது வாப்பா செய்த வேலை. பண்டாரவளை ரயிலில் வந்து அங்கிருந்து மாட்டு வண்டியில் பதுளைக்கு ஏறிவருகிற துணி மூட்டைகளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டுமென்று சின்ன வயதிலேயே படிப்பித்துவிட்டார். தெருவில் மற்றப் பெண்களுக்கு அரபெழுத்தில் எழுதின தமிழ்தான் ஓடும். அச்சுத் தமிழைக் காட்டினால் கோழி கிளறின முற்றத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

ஸவாஹிரா ஹாலிஎலயில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஷுக்ரிக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லையென்று அவன் கொழும்பில் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு இவளுக்குத் தலாக் சொல்லிவிட்டான். தலாக்குக்குப் பிறகு ஒதுங்கியிருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவளை யாரும் குறைவாக நடத்தவில்லை. நானா நல்லவர். மதினி றஷீதா அதைவிட நல்லவள். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிற வீட்டில் ஒருத்தி தனியாக இருக்க முடியுமா என்று கேட்டால், நன்றாக முடியும். நோகும் என்று பயந்து யாரும் அவளை ஒன்றும் கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்பார்கள். "சாப்பிட்டேன்" என்பாள். அத்தோடு பேச்சு முடியும். இப்படியே மூன்று வருஷம் போய்விட்டது.

அதனால்தான் அந்த நாவலாசிரியன் மேல் அவளுக்கு அவ்வளவு எரிச்சல். தனிமையென்றால் ஜன்னலோரம் நின்று நிலாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பெருமூச்சாவது, மண்ணாங்கட்டியாவது! எரிச்சல்பட்டாலும் திரிபுரவல்லியை அவளால் விட முடியவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கும்போதும் அந்தப் பெண்ணின் ஞாபகம்தான். ஒருநாள் அப்படி ஏசிக்கொண்டிருந்தது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது.

அந்தப் பக்கம் இருந்தவள் ஸித்தி ஸுபைதா, தெருவுக்கே மாமி. பாத்திஹா ஓதினாலும் மீன்காரனோடு சண்டை போட்டாலும் அவளுக்கு ஒரே தொண்டைதான்.

"யாரப் போட்டு ஏசுறாய் மகள்?"

"ஒரு பொம்புளய மாமி. புத்தகத்துக்குள்ள ஈக்கிறா."

"புத்தகத்துக்குள்ள என்ன செய்றா?"

"அழுவுறா."

"எண்ட அல்லாவே! ஏன்?"

அந்த 'ஏன்' செய்த வேலைதான் மற்றதெல்லாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் நானா வீட்டுப் பின்கட்டில் பாய் விரித்தாயிற்று. தெருப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஸ்பிரிங்வெளியிலிருந்து சேலைத்துண்டு வாங்க வந்த நல்லம்மாவும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியில் குந்தினாள். ஆறு நாளும் கொழுந்துக் கூடையும் விடியற்காலைப் பெரட்டு வரிசையுமாக அல்லாடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் டவுனுக்கு இறங்குவாள். குந்தினவள் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

நல்லம்மா வந்தது நல்லதாயிற்று. திரிபுரவல்லியின் வீட்டு நடப்பெல்லாம் தெருப் பெண்களுக்குப் புதிது. "இதென்ன, புருஷன் ஊர்ல இல்லாட்டிப் பூ வெக்கக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்பாள். நல்லம்மா படியிலிருந்தே விளக்கம் கொடுப்பாள். "அவுக சைவ முதலிமாருங்க. நம்மள மாதிரி இல்ல, எல்லாத்துக்கும் கட்டுப்பாடு. கவுச்சின்னா வாசலோடயே நிறுத்திப்புடுவாக" என்பாள். பிறகு தானே தொடர்வாள். "எங்க லயத்துல எல்லாம் ஒட்டுன வீடு, தனியா இருக்கணுமின்னாலும் இருக்க முடியாதுங்க. சுவத்துக்கு அந்தாண்ட ஒருத்தி இருமினா இந்தாண்ட இருக்கிறவ தண்ணி மோந்துகிட்டு ஓடுவா. பாவம், இந்தப் பொண்ணுக்கு ஒரு லயம் இல்லாம போச்சே!"

ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பு என்று தெருப் பெண்கள் அதுவரை அறிந்ததெல்லாம் நபிமார் சரித்திரமும் வலிமார் கிஸ்ஸாக் கதைகளும்தான். சாம்பிராணி புகைப்பார்கள், அடக்கமாகக் கேட்பார்கள், முடிந்ததும் கையேந்தித் துஆக் கேட்டு ஆமீன் சொல்லிக் கலைவார்கள். வாசிப்பென்றால் அவர்களுக்கு இதுதான். நாவலுக்கு வேறு சட்டம் இருக்கிறதென்று யார் அவர்களுக்குச் சொன்னது? ஸித்தி ஸுபைதா சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். அத்தியாயம் முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி, "யா அல்லாஹ், திரிபுரவல்லிட கல்பக் குளிரவெய்!" என்றாள். "ஆமீன்" என்று பின்கட்டே அதிர்ந்தது. வாசற்படியில் நல்லம்மாவும் தெரிந்தமட்டில் ஆமீன் சொன்னாள்.

ஸவாஹிராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமி, இது கட்டுக்கதை. அப்பிடி ஒருத்தி இல்ல."

"இல்லாமலா இம்புட்டு அழுவுறா?"

"எழுதின ஆள் மனசால நெனச்சி எழுதினது."

"சரி, ஈக்கட்டும். இப்பிடி நொந்தவ ஒருத்தி எங்கயாச்சும் ஈப்பாதானே? ஆருக்குச் சேக்கணுமெண்டு அல்லாவுக்குத் தெரியும். நீ வாசி." அத்தோடு விட்டாளா? "இந்தப் புள்ளட மனசு சுகமாகட்டும், நான் பாற்சோறு ஆக்கி நார்சா குடுக்கிறன்" என்று நிய்யத்தும் வைத்துவிட்டாள். நேர்ந்து, ஓதி, தெருவுக்கெல்லாம் பங்குவைக்கிற சோறு அது, விளையாட்டில்லை. நல்லம்மா சும்மா இருப்பாளா? லயத்து மாரியாத்தாவுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டாள். இல்லாத ஒருத்திக்கு இரண்டு பக்கத்திலும் நேர்த்தி வைத்த பெருமை வேறெந்த ஊருக்கு உண்டு?

ஸவாஹிரா மறுபடி மறுக்கவில்லை. திரிபுரவல்லிக்காக இத்தனை பேர் கையேந்துவதைப் பார்த்ததில் அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பொறாமை. ஆமாம், பொறாமைதான். எனக்கு யார் இப்படிக் கேட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, நான்தான் யாருக்கும் சொல்லவில்லையே என்றும் நினைத்துக்கொண்டாள்.

இப்படிக் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹாலிஎலயிலிருந்து ஷுக்ரியின் ஆள் கடைக்கு வந்துவிட்டுப் போனான். நானா பகல் சோற்றுக்கு உள்ளே வந்தபோது விஷயத்தைச் சொன்னார்.

"கொழும்புக்காரியோட அவனுக்கு ஒத்துவரல்லியாம். அவ போயிட்டாளாம். திரும்ப நிக்காஹ் செஞ்சி உன்னக் கூட்டிட்டுப் போறேனெண்டு கேக்கிறான். நான் ஒண்டும் மறுமொழி செல்லல்ல. நோம்புக்கு முந்தி நீ முடிவச் செல்லு, போதும். உண்ட விருப்பம்தான்."

உன் விருப்பம் என்று வாய் சொன்னாலும் நானாவின் முகத்தில் ஆசை தெரிந்தது. தங்கச்சிக்கு அவள் பேரில் ஒரு வீடும் அடுப்பும் அமைந்தால் போதுமென்பது அவர் ஆசை. அதில் ஒரு தப்பும் இல்லை.

ஸவாஹிராவுக்கு இரண்டு பக்கமும் திண்டாட்டம். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். அவன் அடித்தானா? இல்லை. பட்டினி போட்டானா? இல்லை. அவன் வீட்டில் இருந்த நாளிலும் இவள் ஒற்றையாகத்தான் கிடந்தாள். அதை எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஒருவேளை தான் இன்னும் நொந்தவள்தானோ, புருஷன் வந்து கையைப் பிடித்தால்தான் ஆறுமோ? சுகமாகிவிட்டோமா இல்லையா என்று தன் மனதைத் தானே பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அதற்காகவே அந்தக் கிழமை நாவலில் முன்னுக்குப் போய்ப் பார்த்தாள். திரிபுரவல்லி எப்படித் தேறினாள் என்று தெரிய வேண்டுமே. ஒரே ஒரு வரிதான் இருந்தது. "காலமென்னும் மருத்துவன் மெல்ல மெல்ல அவளது மனப்புண்ணை ஆற்றினான்." அழுவதற்கு இருபது அத்தியாயம், ஆறுவதற்கு ஒரு வரி! ஸவாஹிராவுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை வாசித்தபோது கூட்டமும் விடவில்லை.

"எப்பிடி ஆத்தினான்?" என்றாள் ஸித்தி ஸுபைதா.

"அது... போட்டிருக்கு மாமி, வாசிக்கிறன்."

கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு ஸவாஹிரா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் புத்தகத் தமிழில்தான் வந்தது. முன்பெல்லாம் அவள் வேளைக்கு வேளை அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள் என்றாள். ருசி தெரியாது, உப்புப் போதுமா என்றும் தெரியாது என்றாள். சொல்லச் சொல்லப் புத்தகத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"அண்டைக்கு நல்ல மழை. வீட்டுல ஒருத்தரும் இல்ல. அவ அடுப்ப மூட்டினா. ஏனெண்டு தெரியா, ஒரு துண்டு கருவாடு பொரிக்க ஆசையா ஈந்திச்சி. பொரிச்சா. தேங்காச் சம்பல் அரைச்சா. பொறகு பாய விரிச்சி, பீங்கான்ல சோத்தப் போட்டு, உக்காந்து தின்னா. முடிஞ்சாப் பொறகு திரும்பவும் சோத்துச் சட்டியக் கிட்ட இழுத்தா. அப்பதான் அவளுக்குத் தெரிஞ்சிது, எனக்குப் பசிக்கிதே எண்டு. தனியா உக்காந்து சிரிச்சா."

ஸவாஹிராவுக்கு முகம் சூடேறியது. போன மழைக்காலத்தில் நானாவும் மதினியும் பண்டாரவளைக்குக் கலியாணத்துக்குப் போயிருந்த அன்று நடந்தது அது. அதை ஒரு உயிருக்கும் அவள் சொன்னதில்லை.

நல்லம்மாதான் வாயைத் திறந்தாள். "ஏங்க தங்கச்சி, கருவாடுங்களா? அவுக சைவமின்னுல்ல இருந்திச்சி?"

செத்தாள் ஸவாஹிரா! முதலியார் வீட்டுப் பெண்ணின் கையில் கருவாட்டைக் கொடுத்துவிட்டாளே! நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெண்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதுளையில் மழைநாளில் கருவாடு பொரித்துத் தின்னக்கூடிய தனிப் பெண் யாரென்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

ஸித்தி ஸுபைதா தொண்டையைச் செருமினாள். "ஏன், ரங்கூனுக்குப் போன மனுசன்ட வீடுதானே? கருவாடு வந்தீக்கும். நீ சும்மா இரு நல்லம்மா."

"ஆமாங்க, வந்திருக்கும்" என்று நல்லம்மா உடனே ஒத்துக்கொண்டாள். அன்றைக்குத் துஆக் கேட்டபோது ஸித்தி ஸுபைதா யார் பெயரையும் சொல்லவில்லை. "இந்தப் புள்ளக்கி" என்று மட்டும் சொன்னாள். ஸவாஹிராவுக்கு விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக இதமாக இருந்தது.

அதோடு நாவல் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கடைசி அத்தியாயம் ஒன்று மிச்சமிருந்தது. அதை அவள் முன்கூட்டியே வாசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துபோனாள். ரங்கூனிலிருந்து புருஷன் வருகிறான். கூடவே இரண்டு பெட்டி பட்டும் பவுனும் வருகின்றன. திரிபுரவல்லி ஓடிப்போய் அவன் காலில் விழுகிறாள். "அன்றே அவளுடைய தனிமை தீர்ந்தது" என்று எழுதி, கீழே பெரிய எழுத்தில் முற்றிற்று போட்டிருந்தான் அந்த மனுசன். புத்தகமே ஷுக்ரியின் பக்கம் பேசுகிறது! நோன்புக்கும் நாள் நெருங்கிவிட்டது. யோசித்து யோசித்து அலுத்தவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இதை உள்ளபடி வாசித்துவிடுவது. புருஷன் வந்தான் என்று பெண்கள் மகிழ்ந்து ஆமீன் சொன்னால், நானாவிடம் போய்ச் சரி என்று சொல்லிவிடுவது.

அப்படியே ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள். முற்றிற்று என்பதையும் வாசித்தாள்.

"முடிஞ்சிதா?" என்றாள் ஸித்தி ஸுபைதா.

"முடிஞ்சிது."

"இவன் எங்கருந்து வந்தான் இப்ப?"

"ரங்கூன்ல இருந்து மாமி."

"அது தெரியுது. என்னத்துக்கு வந்தான்?"

ஸவாஹிரா புத்தகத்தை மூடினாள். "அவன் வந்துதான் தனிமை தீந்திச்சாம். இப்ப நீங்க நார்சா குடுக்கலாம்."

"என்ன பேச்சுப் பேசுறாய்?" ஸித்தி ஸுபைதாவின் தொண்டை முன்கடைவரை கேட்டது. "நார்சா போன கிழமயே குடுத்தீக்கணும். அவ பாய விரிச்சி உக்காந்து தின்னாளே, அண்டைக்கே நிய்யத்து நெறவேறிப் போச்சி. அரிசி இல்லாம நான்தான் பிந்திட்டேன். அல்லா மன்னிக்கணும். இவன் வந்ததுக்கெல்லாம் எண்ட பாற்சோத்தக் கணக்கு வெக்காத!"

"நா அன்னிக்கு வீட்டுக்குப் போயி மறுநாளே தேங்காய ஒடச்சிப்புட்டேனுங்க" என்றாள் நல்லம்மா.

"கடைசி வரைக்கும் கேக்காமலா?" ஸவாஹிராவால் நம்ப முடியவில்லை.

"இன்னும் என்னத்தக் கேக்கணும் தங்கச்சி? பசிச்சி, உக்காந்து, ரெண்டாந்தரமும் சோத்த இழுத்துப் போட்டுத் தின்னவ சீக்காளியா? சாமிய அம்புட்டு நாளு காக்க வெக்கக் கூடாதுங்க."

"அதானே!" என்றாள் ஒருத்தி. "சுகமாகிக் கிடக்கிறவகிட்ட இப்ப வந்து மருந்துக்குக் கூலி கேக்கிறானா?" என்றாள் இன்னொருத்தி. பட்டுப்பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள் சிலர். பெட்டியை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பச் சொன்னாள் மதினி றஷீதா. நல்லவளான றஷீதாவின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருமென்று யார் நினைத்தது? பின்கட்டே சிரித்துக் கும்மாளமிட்டது. ரங்கூன்காரனுக்கு ஆமீன் சொல்ல ஒருத்தியும் இல்லை.

ஸவாஹிராவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இத்தனை நாளும் தன் மனதைப் பார்த்துச் சொல்ல அவள் பயந்ததை இவர்கள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்கள்! அவள் சுகமானவள். போன மழைக்காலத்திலேயே சுகமாகிவிட்டாள். யாரும் வந்து ஆற்றவில்லை. தானாகவே ஆறியிருக்கிறாள், தனக்கே தெரியாமல். சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

பெண்கள் அரிசி எவ்வளவு, தேங்காய் எத்தனை என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து கடைக்குப் போகும் திரைச்சீலையண்டை நின்றாள். நானா துணி அளந்துகொண்டிருந்தார்.

"நானா, ஹாலிஎலக்கி ஆள் அனுப்புங்க."

நானாவின் முகம் மலர்ந்தது. "வாறேனெண்டு செல்லவா?"

"இல்ல. எனக்குச் சுகமாகிக் கன நாளெண்டு செல்லச் செல்லுங்க."

நானா கஜக்கோலைக் கீழே வைத்தார். தங்கச்சியின் முகத்தை உற்றுப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

"சுகமாகிட்டுதா?" என்றார் மெல்ல. "உனக்கு வருத்தமெண்டு ஏன் புள்ள எனக்குச் செல்லல்ல?"